யாழுக்கு இட்ட பலகை



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசாமல், கார்த்திகை மாதத்து ஈரத்தைப் பற்றியும் அந்த ஈரத்தில் ஒரு நரம்புக் கருவி படும் பாட்டைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என ஐயுறுவோர் இந்த அவையில் இருக்கக்கூடும். ஐயம் நியாயமானதே. எனினும், கருவியை ஈரத்தினின்று காப்பது தச்சருக்கும் கருவி விற்போருக்கும் உரிய செய்தி மட்டுமன்று. சங்கப் புலவர் ஒருவர் அதனைப் பாடியிருக்கிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் தில்லையில் அமர்ந்து அடியார் வரலாறு பாடிய பெரும் புலவரும் அதனைப் பாடியிருக்கிறார். இருவர் பாட்டையும் பொருள் உணர்ந்து போற்றுவோர் நம் நாட்டில் பலர். ஆயின் அவற்றில் உள்ள நடைமுறை அறிவைத் தம் வீட்டுப் பரண் மேல் கிடக்கும் தம்புராவுக்குப் பொருத்திப் பார்த்தோர் மிகச் சிலரே.

கடலூரும் சிதம்பரமும் நீர் சூழ்ந்த ஊர்கள். கடலூரைப் பெண்ணையும் கெடிலமும் தழுவிக் கடலில் கலக்கின்றன. சிதம்பரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடைப்பட்டது. தில்லை என்னும் பெயரே உப்பங்கழி ஓரத்தில் வளரும் மரத்தின் பெயர். பிச்சாவரத்துக் கழிகளில் அம்மரம் இன்றும் நிற்கிறது. ஊரின் பெயரிலேயே சேறும் உவர்நீரும் இருக்கின்றன எனலாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையின் பெரும்பகுதி இத்திங்கள்களில் கொட்டித் தீர்க்கும். அப்போது கடலூர் முதுநகரின் பழைய வீடுகளில் உப்பு ஜாடி நீர் கோக்கும். பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவையில் புழுக்க வாடை ஏறும். சுவரில் சுண்ணாம்பு பூத்து உதிரும். கதவு நிலையோடு பிணங்கும். அந்தக் கதவைப் பிணங்கச் செய்யும் ஈரமே, அதே கூடத்தின் மூலையில் சாய்த்து வைத்த வீணையையும் பிணங்கச் செய்கிறது. கதவுக்குத் தச்சரை அழைப்போர் வீணைக்கு யாரையும் அழைப்பதில்லை என்பதுதான் வேறுபாடு.

மரம் வெட்டுண்ட பின்னும் மூச்சுவிடுகிறது என்று தச்சர் சொல்வதுண்டு. உவமையாகச் சொன்னாலும் அதில் உண்மை உண்டு. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் தன்னுள் நீரை ஏற்றும், இறக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு இருக்கும் இடத்தில் பல நாள் கிடந்த மரத்தில் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீர் இருக்கும். ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு ஏறி அங்கேயே நிலைத்தால், மரத்திலுள்ள நீர் 15 விழுக்காட்டை ஒட்டி உயரும். நீர் ஏறினால் மரம் பருக்கும், இறங்கினால் சுருங்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. இழை ஓடும் திசையில் மரம் அசைவதே இல்லை எனலாம். இழைக்குக் குறுக்கே மட்டுமே அசைகிறது. 40 செ.மீ. அகலமுள்ள பலகை ஒன்று, அறுத்த விதத்தைப் பொறுத்து, மேற்சொன்ன மாறுதலில் 3 முதல் 6 மி.மீ. வரை அகலக்கூடும். நாற்காலிக்கு 3 மி.மீ. ஒரு பொருட்டன்று. நரம்பு மெட்டை விட்டு எழும் உயரத்தை மயிரிழை அளவில் கணக்கிடும் கருவிக்கு 3 மி.மீ. ஒரு பேரிடர்.

உலகில் மரத்தாலான நரம்புக் கருவிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான டபுள் பாஸ் இதற்கு நல்ல சான்று. ஆளுயரத்துக்கு நின்று, வயலின் குடும்பத்தின் அடிக்குரலாய் ஒலிப்பது அது. சென்னைத் திரையிசைக் கூடங்களில் ஒலித்த பல பாடல்களின் அடித்தளத்தில், கேட்போர் பெயர் அறியாமலே கேட்டுப் பழகிய ஒலி. அதன் மேற்பலகை மென்மையான ஊசியிலை மரம்; முதுகும் விலாவும் வன்மரம். இருவகை மரமும் ஒரே அளவில் பருப்பதில்லை. ஆகவே ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். இதனை அறிந்த பழைய கைவினைஞர் ஒரு தந்திரம் செய்தனர். பலகைகளை விலாவோடு ஒட்டும் பசையை, மரத்தை விட வலுக் குறைந்ததாகவே வைத்தனர். விலங்கின் தோலைக் காய்ச்சி எடுத்த அப்பசை, இழுப்பு மிகும்போது தான் விட்டுக்கொடுத்து வாய் திறக்கும், பலகை பிளவாது. திறந்த வாயை மீண்டும் ஒட்டிவிடலாம். பிளந்த பலகையை முன்போல் ஆக்குதல் அரிது. வலிமை மிகுந்த இன்றைய வேதிப்பசையால் அக்கருவியை அழுத்தமாக ஒட்டிவிட்டுப் பெருமைப்படுவோர் உண்டு. அவர்கள் அடுத்த பருவத்தில் பலகையின் நடுவே ஓடும் வெடிப்பைக் காண்பர்.

பருவம் மாறுந்தோறும் மேற்பலகை எழுந்து தாழ்வதால், கோடைக்கு ஒன்றும் குளிர்காலத்துக்கு ஒன்றுமாக இரு குதிரைகளை வைத்துக்கொள்வோர் மேனாடுகளில் உண்டு. குதிரையின் காலில் திருகு பொருத்தி உயரத்தைக் கூட்டிக் குறைப்போரும் உண்டு. வெப்ப நாடுகளில் வாசிப்போர் சிலர், ஒலி சற்றுக் குறைந்தாலும் தாழ்வில்லை என்று, ஒட்டுப்பலகையால் ஆன கருவியையே தேர்கின்றனர். ஒன்றன்மேல் ஒன்றாக இழை மாற்றி ஒட்டிய பலகை அவ்வளவாக அசையாது என்பதே காரணம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கருவிகளைப் பேணுவது பற்றி அச்சில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டார் எழுதியவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டினுள் வெப்பமூட்டுவதால் காற்று வறண்டு போகும். மரம் சுருங்கி வெடிக்கும். ஆகவே கருவியினுள் ஈரக் குழாய் வைக்கவும், அறையில் நீராவி விடவும் அந்நூல்கள் சொல்லும். அதனைப் படித்துவிட்டு, கார்த்திகை மாதத்துச் சிதம்பரத்தில் வயலின் பெட்டிக்குள் ஈரத்துணி வைத்தால் பத்து நாளில் பூஞ்சைக் காளான் பார்க்கலாம். அறிவுரை பிழையன்று, அது வேறு நிலத்துக்கு உரியது. குறிஞ்சிக்குரிய பொருளை நெய்தலில் வைத்தால் வரும் மயக்கம் போன்றதே இதுவும்.

டபுள் பாஸின் வயிற்றுக்குள், மேற்பலகைக்கும் முதுகுக்கும் இடையே, பசையோ ஆணியோ இன்றி நரம்புகளின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் சிறு மரத்தூண் ஒன்று உண்டு. அது சற்று நகர்ந்தால் கருவியின் குரல் மாறும். விழுந்தால் குரலே போகும். பிரெஞ்சுக்காரர் அதற்கு இட்ட பெயர் ஆன்மா. இத்தாலியரும் அவ்வாறே சொல்வர். தமிழகத்துத் தம்புராவில் குதிரையின் மேல், நரம்பின் அடியில், ஒரு சிறு நூலைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்தி ரீங்காரத்தைக் கூட்டுவர். அந்த நூலுக்கு நம்மவர் இட்ட பெயர் ஜீவா. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டுக் கைவினைஞர், கண்ணுக்குப் புலப்படாத சிறு பொருளில் கருவியின் உயிர் இருப்பதாக ஒரே வகையில் எண்ணியிருப்பது வியப்புக்குரியது. ஈரத்தில் இந்த உயிர்தான் முதலில் சோர்கிறது. நூல் நீர் ஏறித் துவளும், ரீங்காரம் மங்கும். தம்புரா கெட்டுவிட்டது என்று எண்ணி அதனைப் பரணில் ஏற்றிவிட்ட வீடுகள் எத்தனையோ. பல வேளைகளில் கெட்டது ஓரங்குல நூல்.

இனி இலக்கியத்துக்கு வரலாம். பத்துப்பாட்டுள் நக்கீரர் பாடியது நெடுநல்வாடை. கூதிர்ப் பருவத்து மழையும் குளிரும் ஊரை ஒடுக்கிவிட்ட காட்சியை அவர் ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்கிறார். அதனிடையே, ஆடல் மகளிர் பாட்டுக்கு இசையக் கருவியைச் சேர்க்க முற்படுகின்றனர். சீறியாழின் நரம்போ குளிர்ச்சியால் தன் இனிய குரலிலிருந்து திரிந்து நிற்கிறது. அவர்கள் அதனைத் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பதப்படுத்திப் பின் பண்ணுக்கு ஏற்ப நிறுத்துகின்றனர். உரையாசிரியரும் பிற்காலத்தாரும் இவ்விடத்தில் அழகை வியப்பர். சிலர் சிருங்காரத்தைக் காண்பர். காணட்டும். ஆயின் பாட்டில் உள்ளது முதலில் ஒரு தொழிலறிவு. அதே பாட்டில் தீயும் இருக்கிறது. குளிருக்குக் கணப்பு மூட்டிக் காயும் மக்களும் இருக்கின்றனர். எனினும் யாழைத் தீயருகே கொண்டு செல்லவில்லை அம்மகளிர். மனித உடலின் வெம்மை ஏறத்தாழ 37 பாகை. அதற்கு மேல் போகாது, திடீரென ஏறாது, ஒரு பக்கம் மட்டும் காய்ச்சாது. நரம்புக்கு ஏறிய ஈரத்தை மெல்ல இறக்க அதனினும் பொருத்தமான வெம்மை வேறு கிடைப்பதரிது.

அக்கால யாழின் உறுப்புகளை நோக்கினால் இக்கவலையின் காரணம் விளங்கும். பொருநராற்றுப்படை அதனை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. பத்தர் என்னும் மரக்கலம், அதன் வாயை மூடிய தோற்போர்வை, வளைந்த கோடு, கோட்டில் நரம்பை இறுக்கிக் கட்டிய திவவு, நரம்பு. தோல் ஈரத்தில் தளரும். கட்டு ஈரத்தில் நெகிழும். விலங்கின் உடலினின்று எடுத்த நரம்பு ஈரத்தில் பருத்துக் குரல் திரியும். மரமோ தன் போக்கில் அசையும். ஒரு கருவியில் நான்கு பொருள். நான்கும் காற்றின் ஈரத்துக்கு ஆட்பட்டவை. அதனைப் பருவமழையில் பண்ணுக்கு நிறுத்திய பாணர் எத்தனை பொறுமையாளராய் இருந்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்பாணர் மரபில் வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் பிறந்த எருக்கத்தம்புலியூர் இன்று இராசேந்திரபட்டினம் என வழங்குகிறது. விருத்தாசலத்தை அடுத்து, இதே கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் வரலாற்றைச் சேக்கிழார் சில பாடல்களிலேயே முடித்துவிடுகிறார். அந்தச் சில பாடல்களுள் ஒன்று இந்த அவையின் கருத்துக்கு உரியது. பாணர் மதுரை ஆலவாய்க் கோயிலில் இறைவன் திருமுன் நின்று யாழிசைக்கிறார். அப்போது வானில் ஒரு குரல் எழுகிறது. அவர் வாசிக்கும் யாழைத் தரையின் குளிர்ச்சி தாக்கினால் நரம்பின் இறுக்கம் அழிந்துவிடும். ஆகவே அழகிய பலகை ஒன்றை அவர்முன் இடுக என்று அக்குரல் பணிக்கிறது. தொண்டர்கள் இடுகின்றனர்.

இறைவன் அடியார்க்கு அருளியவற்றைப் பெரியபுராணம் நிறையச் சொல்கிறது. பொற்காசு உண்டு, முத்துச் சிவிகை உண்டு, வீடுபேறும் உண்டு. இங்கே அருளியது ஒரு பலகை. அதுவும் பாணருக்கு ஆசனமாக அன்று, முதற்கண் அவர் கருவியின் நலத்துக்காக. பாணர் குலத்தாரைக் கோயில் வாயிலில் நிறுத்திய காலத்தில் அவரை உள்ளே அழைத்துப் பலகை இட்டுச் சிறப்பித்த செயல் என இதனைப் போற்றுவர். அதுவும் உண்மையே. எனினும், சேக்கிழார் அதற்குக் காட்டிய காரணம் பெருமை அன்று, ஈரம். கல் பாவிய கோயில் தரை மழைக்காலத்தில் குளிர்ந்து வியர்க்கும். மண்ணிலிருந்து நீர் கல்லில் ஏறும். தரைக்கும் கருவிக்கும் இடையே ஒரு மரப்பலகை இருந்தால் அந்த ஏற்றம் தடைப்படும். குன்றத்தூரிலிருந்து வந்த அப்புலவர் தில்லைக் கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தில் இருந்து இந்நூலைப் பாடினார் என்பது மரபு. அம்மண்டபத்துக் கல்தரையில் ஒரு கார்த்திகை கழித்தவருக்கு ‘தரைச் சீதம்’ என்ன செய்யும் என்பதை வேறொருவர் சொல்லவேண்டியதில்லை.

இதே செய்தி வேறு வடிவில் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும் வருகிறது. அங்கே மழையிலும் சேற்றிலும் நின்று பாடுபவர் பாணபத்திரர். பலகையும் பொற்பலகையாகி விடுகிறது. புராணம் வளர வளரப் பொருள் பொன்னாவது இயல்பு. கருவியின் பக்கம் நின்று பார்த்தால் இது முன்னேற்றமாகத் தெரியவில்லை. உலோகத் தகடு மரத்தை விட விரைவில் குளிரும். அதன்மேல் காற்றின் நீர் துளியாகப் படியும். யாழுக்கு ஏற்றது மரப்பலகையே.

இரு பாட்டுகளும் சேர்ந்து சொல்வது இதுதான்: கருவியை உலர்த்துவது வேறு, நிலைப்படுத்துவது வேறு. ஈரம் இருந்தாலும் அது மெல்ல ஏறி மெல்ல இறங்குமானால் மரம் தாங்கிக்கொள்ளும். விரைந்த மாற்றமே மரத்தைப் பிளக்கிறது. இதனை மறந்ததால் விளையும் கேடுகளை இப்பகுதியில் எளிதில் காணலாம். பத்து நாள் மழைக்குப் பின் வெயில் வெளுத்ததும், வற்றலோடு வற்றலாக வீணையையும் மொட்டைமாடியில் காயவைப்போர் உண்டு. மேற்பரப்பு ஒரு மணி நேரத்தில் சுருங்கும். உட்புறம் ஈரத்தோடு பருத்தே இருக்கும். இரண்டுக்கும் நடுவே பிளவு விழும். தூசி படாதிருக்கப் பாலிதீன் உறையில் கட்டி வைப்போர் உண்டு. அது வெளி ஈரத்தைத் தடுப்பதோடு உள் ஈரத்தையும் சிறைப்படுத்தும். பகல் வெப்பத்தில் எழுந்த ஆவி இரவில் உறையின் உட்புறம் வியர்வையாய்ப் படிந்து மரத்தின் மேல் வடியும். பரணில் ஏற்றுவதோ எல்லாவற்றினும் கொடிது. கத்திரி வெயிலில் தளத்தின் அடிப்பகுதி அடுப்பாகும். வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரியும் கலந்த கலவையில்தான் பதிக்கப்பட்டுள்ளன. மெழுகு இளகினால் மெட்டு அமிழும், சாயும். தம்புராவுக்குப் பகை கார்த்திகை என்றால் வீணைக்குச் சித்திரையும் பகை.

செய்யத்தக்கவை மிகுந்த செலவுடையவை அல்ல. கருவி தரையில் கிடக்கலாகாது; புறச்சுவரைத் தொட்டுச் சாயவும் ஆகாது. வீட்டின் நடுப்பகுதியில், உட்சுவர் ஓரமாக, ஒரு கைப்பிடி அளவு இடைவெளி விட்டு, பலகையின் மேலோ விசிப்பலகையின் மேலோ இருப்பது நன்று. யாழ்ப்பாணருக்கு இட்ட பலகை இன்றும் அதே வேலையைச் செய்யும். உறை வேண்டுமாயின் பருத்தித் துணியே போதும். பெட்டியில் வைப்பதானால் சிலிக்கா ஜெல் பை ஒன்றை இடலாம். ஆனால் பெட்டி இறுக மூடினாலன்றி அது பயன் தராது. நீர் ஏறிய பின் எடுத்துச் சூடாக்கி உலர்த்தாவிட்டால் வெறும் மணலுக்கு ஒப்பாகும். வாசித்து முடித்ததும் நரம்பை உலர்ந்த துணியால் துடைப்பது கடற்கரை ஊரில் கட்டாயம். விரல் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் எஃகு நரம்பு சில வாரங்களில் துருவேறும். மழைக்காலத்தில் பிருடை பருத்துத் துளையில் இறுகிக்கொள்ளும். அப்போது வலிந்து முறுக்கினால் தலை ஒடியும். ஓரிரு நாள் காற்றோட்டத்தில் வைத்துப் பொறுத்திருந்து திருப்ப வேண்டும். நெடுநாள் வாசிக்காமல் வைப்பதானால் நரம்புகளை ஓரளவு தளர்த்தலாம், முற்றும் அவிழ்த்துவிடலாகாது. டபுள் பாஸில் எல்லா நரம்பையும் ஒருங்கே அவிழ்த்தால், மேலே சொன்ன அந்த ஆன்மா விழுந்துவிடும். குளிர்சாதன அரங்கிலிருந்து கருவியை வெளியே கொண்டுவரும்போது பெட்டியை உடனே திறக்கலாகாது என்பதையும் இக்காலத்தில் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. குளிர்ந்த மரத்தின் மேல் வெளிக்காற்று பட்டதும் மூக்குக் கண்ணாடியில் படிவது போல் நீர் படியும். அரைமணி நேரம் பொறுத்தால் போதும்.

இவற்றுள் எதுவும் புதிதன்று. வீட்டில் இசை இருந்த காலத்தில் இவற்றை யாரும் விதியாகச் சொல்லவில்லை. நாளும் சுருதி சேர்த்த கை, பிருடை இறுகுவதையும் மெட்டு அமிழ்வதையும் அன்றன்றே உணர்ந்தது. புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும் சரசுவதி பூசையும் ஒரு பயன் செய்தது. மழை தொடங்குமுன் ஏட்டுச் சுவடியும் இசைக்கருவியும் ஒருங்கே வெளியே வந்தன, தூசி தட்டப்பட்டன, செல்லும் உளுவும் கண்ணுக்குத் தென்பட்டன. இன்று பல வீடுகளில் பூசை நாளில் சந்தனமும் குங்குமமும் வீணையின் மேல் வைக்கப்படுகின்றன, உறையைக் கழற்றுவதில்லை.

சுவடி என்றதும் தில்லைக்கே உரிய மற்றொரு வரலாறு நினைவுக்கு வருகிறது. தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலின் ஓர் அறையில், மூவர் கைச்சாத்துடன் பூட்டி வைக்கப்பட்டிருந்தன என்றும், சோழ மன்னனும் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறப்பித்தபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எஞ்சியதை எடுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அவ்வளவு பாதுகாப்பாக வைத்த ஏடுகளில் பெரும்பகுதி அழிந்தது. பின்பு அப்பாடல்களுக்குப் பண் வகுக்க வேண்டியிருந்தது. பண் எந்த அறையிலும் பூட்டி வைக்கப்படவில்லை. எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணிடம் அது இருந்தது. அவளைக் கொண்டே பண் அமைத்தனர். அப்பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. ஏட்டைக் காத்த பூட்டை விட, பண்ணைக் காத்த அவள் குடும்பத்தின் நாள்தோறும் நிகழ்ந்த பயிற்சி வலிமை உடையதாயிருந்தது என்பதை மட்டும் அது சொல்லாமல் சொல்கிறது.

ஆனால் அந்த யாழும் பின்னர் மறைந்தது. தமிழகத்தில் பழைய யாழ் ஒன்றுகூட வாசிப்பில் எஞ்சவில்லை. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்த விபுலாநந்த அடிகள், இலக்கியச் சான்றுகளையும் கணக்கையும் துணையாகக் கொண்டு யாழை மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்தார். அவரது யாழ் நூல் 1947 சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். யாழின் மறைவுக்கு ஈரமே காரணம் என்று சொல்லிவிட்டால் இந்த உரைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது உண்மைக்குப் பொருந்தாது. பர்மிய நாட்டில் சௌங் என்னும் வில்யாழ் இன்றும் வாசிக்கப்படுகிறது. படகு வடிவ மரக்கலம், அதன்மேல் மான்தோல், பட்டு நரம்பு, வளைந்த கோட்டில் சிவந்த கயிற்றுக் கட்டு எனப் பத்துப்பாட்டிலிருந்து இறங்கி வந்தது போல் மரபுச் சௌங் அமைந்திருக்கும். இன்று நைலான் நரம்பும் திருகும் அதில் புகுந்துவிட்டன. பர்மாவின் பருவமழை கடலூருக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அங்கே அவையிலும் வீட்டிலும் அதனை வாசிக்கும் கை இருந்தது, கருவி இருந்தது. இங்கே பாணர் போயினர், யாழ் போயிற்று. ஈரம் இரு நாட்டுக்கும் பொதுவாகவே இருந்தது.

இன்று எஞ்சியிருப்பவை வீணையும் தம்புராவும். அவற்றுக்கான பலாமரம் இம்மாவட்டத்திலேயே விளைகிறது. பண்ருட்டிப் பலாவின் சுவையை அறிந்தவர் உலகெங்கும் உண்டு. தஞ்சாவூரில் வீணை கடைவோர் அந்த மரத்தைத் தேடி வருவர் என்பதைப் பழத்தை உண்போர் பலர் அறியார். வெட்டியபோது மஞ்சளாய் இருந்து ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாய் ஆழும் மரம் அது. வைரம் பாய்ந்த நடுமரத்தைக் கறையான் எளிதில் அணுகாது. ஈரத்தில் அது அசைவதும் மற்றப் பல மரங்களை நோக்கக் குறைவு. ஒரே கட்டையில் குடமும் தண்டியும் தலையும் கடைந்து எடுத்த ஏகாண்ட வீணைக்குப் பல பத்தாண்டு வளர்ந்த பருத்த அடிமரம் தேவை. இளமரம் உதவாது.

2011 திசம்பர் 30ஆம் நாள் விடியலில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளும் பலாமரங்களும் ஒரே காலைப் பொழுதில் வேரோடு சாய்ந்தன. பாட்டன் நட்ட மரங்கள் அவற்றுள் பல. விழுந்த மரத்தில் ஒரு பகுதி அறுவை ஆலைக்கும் மறுபகுதி அடுப்புக்கும் போயிற்று. எத்தனை வீணைகளுக்கு ஆகியிருக்கும் மரம் அவ்வாறு எரிந்தது என்று கணக்கிட்டவர் எவருமிலர். புயலுக்குப் பின் உழவர் மீண்டும் கன்று நட்டனர். அக்கன்றுகளில் பல இன்று காய்த்து நிற்கின்றன. பழத்துக்கு அந்த வயது போதும். வீணைக்கு ஆகும் அடிமரமாக அவை முதிர இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் செல்லும். அதுவரை கடலூரிலும் சிதம்பரத்திலும் புதுப்பாளையத்து வீடுகளிலும் தேரோடும் வீதி வீடுகளிலும் உறைக்குள் கிடக்கும் பழைய பலாமரங்களே இம்மாவட்டத்தின் கையிருப்பு. வரும் ஐப்பசிக்கு முன் அவற்றின் உறையைக் கழற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழே ஒரு பலகை இட வேண்டியிருக்கிறது.